பயந்த மேஸ்திரி

சில்வியாவை மேஸ்திரியாகப் போட்ட அன்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதை அவள் வேலை இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே அந்த வேலை போயிருக்கும்.

காசிமேட்டில் பிறந்து காசிமேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா விசைப்படகில் போனார். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்றாள். பத்தாவது முடித்ததும் சில்வியாவை வால்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வால்டர் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலைக்குப் போகிறவன். குடிக்க மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு சில்வியா இறால் ஷெட்டுக்கு வந்தாள். அப்புறம் அந்த ஷெட்டிலேயே தலை நரைக்கத் தொடங்கியது.

ஷெட் திருவொற்றியூர் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் இருந்தது. ஒரு நீளக் கூடம். அதில் எவர்சில்வர் மேசைகள், மேசை மேல் ஐஸ், ஐஸ் மேல் இறால். பெண்கள் இருபக்கமும் நின்று தலையைக் கிள்ளி ஓட்டை உரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பில் நைட்டி, நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை. ஈரத்தில் புடவை கட்டி நிற்க முடியாது என்பதால் எல்லோரும் வந்ததும் பின்னறையில் உடை மாற்றிக்கொள்வார்கள்.

முன்வாசலை ஒட்டி கம்ப்ரசர் அறை. குளிர் அறைக்கான அமோனியா அங்கிருந்துதான் குழாயில் ஓடும். பின்னறையில் ஒரு கதவு கடல் பக்கச் சந்துக்குத் திறக்கும். அதற்கு எப்போதும் வெளிப்பக்கம் பூட்டு. ‘பொம்பளைங்க வேலை செய்ற இடம், சந்துல கண்டவன் திரியிறான், பாதுகாப்பு வேணும்’ என்று முதலாளி அலெக்ஸாண்டர் சொல்லியிருந்தார். பெண்களும் அதைச் சரியென்றுதான் நினைத்தார்கள். சில்வியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

பழைய மேஸ்திரி அப்பாவு பயம் அறியாத மனுஷன் என்று பேர் வாங்கியவர். அமோனியா வாசம் அந்த ஷெட்டில் அவ்வப்போது வரும். வந்தால் அப்பாவு மேசைத் தலைமாட்டில் வந்து நிற்பார். மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுப்பார். “ஒண்ணியும் இல்ல, சட்டையால மூக்க மூடிக்கினு உரிங்க” என்று சிரிப்பார். பெண்கள் கண்ணில் தண்ணீர் வழிய உரிப்பார்கள். அவர் நிற்கிறாரே, நமக்கென்ன என்று ஒரு தைரியம். கொருக்குப்பேட்டையில் இப்போது அவர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. இத்தனை வருஷம் இழுத்த இழுப்புக்கு நுரையீரல் வேறென்ன செய்யும்?

அவர் இடத்துக்கு ஆம்பளை ஆள் ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியில் முதலாளி சில்வியாவைக் கூப்பிட்டார்.

“ஆள் கெடைக்கிற வரிக்கும் நீ பாத்துக்கம்மா. நீ தான் கொஞ்சம் பொறுப்பா கீற.”

“செரி மொதலாளி. பின்னால கதவு சாவி?”

“அது பாஸ்கர் கிட்ட இருக்கட்டும். உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?”

பாஸ்கர் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். அப்பாவுவின் இடுப்பில் தொங்கிய சாவி அவன் பெல்ட்டில் ஏறியது. மேஸ்திரி வேலை ஒருத்தியிடமும், சாவி ஒருத்தனிடமும் போனது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சில்வியாவுக்குப் பயம் அன்றிலிருந்து பிடித்தது. மேசையில் நின்று உரித்தபோது கைக்கு வேலை இருந்தது, மூக்கை மறந்திருந்தாள். மேஸ்திரியாகி கைக்கு வேலை குறைந்ததும் மூக்கு விழித்துக்கொண்டது. காலையில் ஷெட் கதவைத் திறக்கும்போதே மோந்து பார்ப்பாள். கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் மாறினாலும் போய் எட்டிப் பார்ப்பாள். இங்கே நிற்கிற இத்தனை பேருக்கும் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பார்கள்? தன்னைத்தான் கேட்பார்கள். ஆனால் தான் சொன்னால் இவர்கள் நகர்வார்களா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவள் “போதும், கை கயுவுங்க” என்றால் பெண்கள் உடனே கேட்க மாட்டார்கள். சிலுவையம்மாள்தான் முதலில் வாயைத் திறப்பாள். ஷெட்டிலேயே மூத்தவள். நாக்கும் கைபோல் வேகமானது.

“இன்னாடி மேஸ்திரி, உங்க வூட்டுக்காரரு சொல்லி அனுப்சாரா?”

மேசை முழுக்கச் சிரிக்கும். சில்வியாவும் சிரித்து வைப்பாள். அப்புறம் பாஸ்கர் எட்டிப்பார்த்து “அதான் சொல்லுதுல்ல, கயுவுங்கம்மா” என்பான். உடனே கைகள் தண்ணீருக்குப் போகும். பாஸ்கருக்கு இறாலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

வீட்டில் ஒருநாள் வால்டரிடம் சொல்லிப் பார்த்தாள். “யோவ், எனக்குப் பயமா கீதுயா.”

“பயமா இருந்தா எதுக்கு மேஸ்திரியா இருக்க? உட்டுடு.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயப்படுகிறவர் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது அவன் கேட்டு வளர்ந்தது. அவளும் அதையே கேட்டு வளர்ந்தவள்தான். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆடி மாதம், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மறுபடி மேசைக்கு வந்திருந்த நேரம். சில்வியா முன்வாசல் பக்கம் வந்தாள். வாசம் இருந்தது. வழக்கமான வாசம்தான், ஆனால் வழக்கம்போல் வந்து போகவில்லை. நின்றது. தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்தது. கம்ப்ரசர் அறையில் குழாய் இணைப்பு ஒன்றில் வெள்ளையாகப் பனிபோல் கட்டியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஊசி குத்திய டியூபில் காற்று போகிற சத்தம்போல் ஒரு ‘ஸ்’.

“பாஸ்கரு, இன்னாது இது?”

“வால்வு கொஞ்சம் கசியுது. டைட் பண்ணிக்கினு தான் கீறேன். நீ போ யக்கா.”

“எல்லாரையும் வெளிய அனுப்பிடட்டா?”

“எதுக்கு? மொதலாளிய கேளு.”

பயத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். பெண்களிடம் போகாமல் போனை எடுத்தாள். முதலாளி மாதவரத்தில் லாரி விஷயமாக இருந்தார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

“மொதலாளி, கேஸ் கசியுது. எல்லாரையும் அனுப்பிடறேன்.”

“இரு இரு. இறால் எல்லாம் மேசை மேல கீதா? பாஸ்கர் கிட்ட போனைக் குடு.”

கொடுத்தாள். பாஸ்கர் அவளைப் பார்க்காமல் பேசினான். “லேசா வாசம் தான் சார். பயந்துகிச்சு. நான் பாத்துக்கறேன்.”

போன் திரும்பி வந்தது. “கேட்டியாம்மா? நீ எதுக்கு எல்லாரையும் மெரள வுடற? போய் வேலையப் பாரு.” வைத்துவிட்டார்.

இத்தனை பேச்சுக்குள் அந்த ‘ஸ்’ பெரிதாகிவிட்டது. சில்வியா அங்கேயே நின்று ஒரு கணக்குப் போட்டாள். இருக்கிற ஒரே திறந்த வழி இந்த முன்வாசல். அது கசிகிற குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது ஓடினால் ஓடலாம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் இந்த வாசலே ஆளைக் கொல்லும்.

“பாஸ்கரு, பின்கதவு சாவி குடு.”

“மொதலாளி தான் ஒண்ணியும் இல்லன்னாரே.”

“குடுடா.”

“அவரு சொல்லட்டும் யக்கா. அப்பால என்னியத்தான் திட்டுவாரு.”

அவள் கூடத்துக்குள் போனாள். சொன்னபடி நகராவிட்டால்? நகர்ந்து, ஒன்றும் ஆகாமல் போனால்? இறால் எல்லாம் கெட்டு, பெண் மேஸ்திரி பயந்து ஷெட்டை மூடினாள் என்று காசிமேடு முழுக்கப் பேசுவார்கள். அப்பாவு ஒருநாள் அப்படி மூடியிருந்தால், ஜாக்கிரதையான மனுஷன் என்றிருப்பார்கள்.

“எல்லாரும் வெளிய போங்க. கேஸ் கசியுது. ஜல்தி.”

குரல் கீச்சென்று வந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. சிலர் நிமிர்ந்தார்கள். கை நிற்கவில்லை.

“இன்னாடி, மூத்திரம் வருதா?” என்றாள் சிலுவையம்மாள். “போய்ட்டு வா, நாங்க இங்கியே கீறோம்.”

“யக்கா, வெளயாட்டு இல்ல.”

“அப்பாவு இருந்தப்போ இத்தவிட வாசம் வந்துச்சி. அவரு ஓட்னாரா?”

“அவரு இப்போ மூச்சு வுட முடியாம கெடக்கறாரு யக்கா.”

“பாஸ்கரு இன்னா சொன்னான்?” என்று வேறொருத்தி கேட்டாள்.

அவ்வளவுதான். சில்வியா மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பூட்ஸ் காலை ஊன்றிக் கவிழ்த்தாள். ஐஸும் இறாலும் சரிந்து தரையில், சாக்கடைத் தண்ணீரில் கொட்டின. தரையில் விழுந்த இறாலை யாராலும் திரும்ப மேசைக்கு எடுக்க முடியாது. காலையிலிருந்து உரித்தது அத்தனையும் போச்சு.

“அடிப் பாவி” என்று சிலுவையம்மாள் பாய்ந்தாள். சில்வியா அடுத்த மேசைக்கு ஓடினாள். அதையும் கவிழ்த்தாள். பிறகு முன்வாசலை நோக்கி ஓடினாள். பின்னால் மொத்த ஷெட்டும் கத்திக்கொண்டு துரத்தியது. “புடி அவள”, “பைத்தியம் முத்திப் போச்சு இவளுக்கு” என்று என்னென்னவோ. அவள் கேட்கவில்லை. வாசலைத் தாண்டும்போது மூக்கில் தீ வைத்ததுபோல் எரிந்தது. பின்னால் ஓடிவந்தவர்களுக்கும் எரிந்திருக்க வேண்டும். திட்டு நின்று இருமல் கிளம்பியது. முந்தானை இல்லாத நைட்டிக் கூட்டம் சட்டைக் காலரை மூக்கில் பிடித்தபடி சந்தில் கொட்டியது.

துரத்தி வந்தவர்களில் கடைசி ஆள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இணைப்பு விட்டது. குழாய் போய்ச் சுவரில் இடித்த சத்தம். வெள்ளைப் புகை வாசலை நிறைத்தது. பாஸ்கர் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து எதிர்ச்சுவரில் சாய்ந்தான்.

“காத்து வர்ற பக்கமா போங்க. கடல் பக்கம் போங்க” என்று சில்வியா கத்தினாள். இப்போது யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் நகர்ந்தபிறகு அவள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தினமும் மேசையில் நிற்கிற வரிசையிலேயே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சிலுவையம்மாளுக்கு எதிரில் நிற்கிற முகம் இல்லை.

“வரலட்சுமி எங்க?”

ஒருத்தி சொன்னாள், “பொடவ மாத்த போச்சு யக்கா. லாரிக்காரனுங்க எல்லாம் நிக்கறானுங்க, நைட்டியோட எப்டி வெளிய போறதுன்னு சொல்லிச்சு.”

வரலட்சுமி வியாசர்பாடியிலிருந்து வருகிறவள். வீட்டு வாசலுக்குக்கூட துப்பட்டா இல்லாமல் நைட்டியோடு வந்து நின்றறியாதவள். அவளை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். எல்லோரும் சில்வியாவைத் துரத்தி முன்னால் ஓடியபோது அவள் பின்னறைக்குப் போய்விட்டாள். பின்னறைக்கு இருக்கிற வழிகள் இரண்டுதான். ஒன்று புகைக்குள். இன்னொன்று பூட்டிக் கிடந்தது.

சில்வியா பாஸ்கரிடம் ஓடினாள். “சாவி. பின்னால வரலட்சுமி கீது. வா, தொற.”

அவன் அசையவில்லை. கண் புகையிலேயே நின்றது. அந்தக் கண்ணை சில்வியாவுக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் கண்ணாடியில் பார்க்கிற கண்தான். இவனும் பயந்திருக்கிறான். இத்தனை நாளும் பயந்துதான் இருந்திருப்பான். சொல்ல ஒரு வழி அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. ஊர் பார்க்க, லாரிக்காரர்கள் பார்க்க, அவள் அவன் இடுப்பில் கையை விட்டாள். பெல்ட்டில் கோத்திருந்த சாவி வரவில்லை. பக்கிளை அவிழ்த்து பெல்ட்டையே உருவிக்கொண்டு ஓடினாள்.

பின்சந்தில் புகை இல்லை. கடல் காற்று அதை மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்த பூட்டு, யாரும் திறந்து பழக்கமில்லை. உள்ளே கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் உள்ளங்கைச் சத்தம், பிறகு நகத்தால் சுரண்டுகிற சத்தம். சில்வியா வாய்விட்டு அழுதுகொண்டேதான் சாவியைத் திருகினாள். கை வழுக்கியது. பின்னாலிருந்து இன்னொரு கை வந்து அவள் கைமேல் அழுத்தியது. சிலுவையம்மாள். இறால் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள் ரெண்டு பேருடையதும் சேர்ந்து திருகியதில் பூட்டு விட்டது.

வரலட்சுமி வாசல்படியிலேயே குப்புற விழுந்தாள். புடவை பாதி சுற்றியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

“கண்ண தேய்க்காத” என்று சில்வியா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “யக்கா, தண்ணி.” தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து குடம் குடமாக வந்தது. கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். நனைந்த புடவையை அவிழ்த்து எறிந்துவிட்டு மேலே மறுபடி தண்ணீர். லாரிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சிலுவையம்மாள் திரும்பி அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் குடம் தூக்கப் போனார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று ராத்திரி முழுக்க வரலட்சுமியை உட்கார வைத்தே வைத்திருந்தார்கள். அமோனியாவைச் சுவாசித்தவர்களில் முதலில் நன்றாகப் பேசுகிறவர்களுக்குக்கூட பிற்பாடு தொண்டை வீங்கும், நம்பக் கூடாது. சில்வியா பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு பிழைத்தது. ஒரு கண்ணில் மங்கல் மட்டும் நின்றுவிட்டது.

காசிமேட்டில் பேசியது வேறு. கேஸைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். சில்வியா நடுத்தெருவில் ஒரு ஆம்பளை பெல்ட்டை அவிழ்த்ததைப் பற்றி நிறையப் பேசினார்கள். வால்டரின் காதுக்கும் போனது. அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

“எல்லாரும் கேக்கறானுங்க” என்றான்.

“நீ இன்னா சொன்ன?”

“சாவி அங்க தான இருந்துச்சி, அப்பறம் எங்க கைய விடுவான்னு கேட்டேன்.” சோற்றைப் பிசைந்தான். “மீன் கொயம்பு இன்னும் ஊத்து.”

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பாஸ்கர் சில்வியா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“யக்கா, போன்ல நான் சொன்னத சொல்லாத. நான் பயந்து நின்னுட்டத சொல்லாத.”

“நீ பயந்தத சொல்ல மாட்டேன். அது எனக்கும் கீது. லேசா வாசம்னு பொய் சொன்னத சொல்லத்தான் செய்வேன்.”

“மொதலாளி என்னிய வேலைய வுட்டு தூக்கிடுவாரு யக்கா.”

“பூட்டு போடச் சொன்னது யாருன்னும் சொல்லுவேன். நீயும் சொல்லு. நாம ரெண்டு பேரும் சொன்னா தான் நிக்கும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் சொன்னான், பாதியை முழுங்கி பாதியை. அதிகாரி சில்வியாவைப் பார்த்து, “வீட்டுக்காரர் கூட வரலையாம்மா?” என்று கேட்டார்.

“அவரு வேலைக்குப் போயிருக்காரு சார். ஷெட்ல இருந்தது நானு” என்றாள். குரல் அன்றைக்குப் போலவே கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் கடைசிவரை சொன்னாள்.

ஷெட் திறக்கப் பல வாரம் ஆனது. குழாய் மாறியது. பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. முதலாளி ஆம்பளை மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார். பெண்கள் மேசைக்குப் போகாமல் சந்திலேயே நின்றார்கள். அவர்கள் கோஷம் போடவில்லை, கோரிக்கை சொல்லவில்லை. வந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். பிறகு வரவில்லை.

சில்வியாவின் பயம் போகவில்லை. கூடிவிட்டது என்றே சொல்ல வேண்டும். மழைக்காலம் தொடங்கிய ஒருநாள், வாசமே இல்லாத காலை, கம்ப்ரசர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது அவள் மேசைத் தலைமாட்டில் வந்து நின்றாள்.

“எல்லாரும் வெளிய வாங்க. அப்டியே. நைட்டியோட.”

“இன்னாத்துக்கு? வாசமே இல்லியே.”

“அதுக்குத் தான். வாசம் வந்தா எப்டி போறதுன்னு பயகிக்கணும்.”

முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், பின்கதவு வழியாகச் சிலரும் முன்வாசல் வழியாகச் சிலரும். வரலட்சுமி முதலில் போனாள். மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நைட்டியும் சட்டையுமாகத் தெருவில் போய் நின்றாள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். பிறகு அதையும் அவிழ்த்துத் தொங்கவிட்டாள்.

கூடத்தில் சிலுவையம்மாள் மட்டும் மேசையில் நின்றாள். கை ஓடிக்கொண்டிருந்தது.

“யக்கா.”

“போறேன்டி. தோ, இந்த ஒரு கை உரிச்சிட்டு.”

சில்வியா பக்கத்தில் போய் நின்றாள். கால் நடுங்கியது. ஈரத் தரையில் பூட்ஸ் லேசாகச் சத்தம் போட்டது. சிலுவையம்மாள் அதைக் கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னும் பயமாடி?”

“ஆமா.”

“எனக்கும் தான்” என்றாள் சிலுவையம்மாள். உரிக்காத இறாலை ஐஸில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். சில்வியா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பின்னறைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் அவளும் வெளியே வந்தாள்.